கல்வராயன் மலையில் இரண்டு நாள்



விடுமுறை நாட்கள் நெருங்க நெருங்க, பங்கு இளையோரிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் நம்மை வந்தடைகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் மலையடிவாரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, கல்வராயன் மலைமீது கால்நடையாய் ஏறி, ஓர் இரவு மேலே தங்கி, மறுநாள் சேலம் மாவட்டத்துப் பக்கமாக இறங்கி வீடு திரும்பலாமா? முதுகில் ஒரு பையும் கூட நாலு நண்பர்களும் இருந்தால் போதாதா? பெற்றோரின் கேள்வி வேறு: "பிள்ளைகளை நம்பி அனுப்பலாமா?"

அனுப்பலாம் என்பதே நம் கருத்து. நடந்தே ஒரு மலையைக் கடந்தவனுக்கு அந்த நாட்டின் மண்ணும் நீரும் மக்களும் தெரிந்துவிடுகிறார்கள். பேருந்துச் சன்னலோரம் அமர்ந்து செல்பவனுக்கு அது கிட்டுவதில்லை. எனினும் "இமயமலையா என்ன, இரண்டாயிரம் மூவாயிரம் அடிதானே!" என்ற பேச்சு மட்டும் நமக்குப் பிடிக்கவில்லை. உயரம் குறைந்த மலை என்பதனாலேயே அசட்டையாய் ஏறி அல்லலுற்றவர்கள் பலர். இமயத்தில் பனி பகையென்றால், நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வெயிலும், தண்ணீர் இல்லாமையும், நேரங்கடந்து வந்து சூழும் இருட்டுமே பகை. ஆகவே எந்த உச்சியைப் பார்ப்பது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். தண்ணீர் எங்கே, வெளிச்சம் எத்தனை மணிவரை, குழுவில் மெதுவாய் நடப்பவர் யார் என்னும் மூன்றையும் முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மலையின் அமைப்பை அறிந்துகொள்வோம். சவ்வாது மலை, சேர்வராயன், கொல்லி மலை, பச்சைமலை ஆகியவற்றின் உடன்பிறப்பே கல்வராயன். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குமேல் பரந்து கிடக்கிறது. வடபகுதி சின்னக் கல்வராயன். சராசரி உயரம் 2,700 அடி. தென்பகுதி பெரிய கல்வராயன். 4,000 அடியை ஒட்டியது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதன் பங்குக்கு வரும் மலைப்பகுதிக்கு வெள்ளிமலையே தலைமையிடம். கச்சிராயபாளையத்தை அடுத்துக் கோமுகி அணை இருக்கிறது. அங்கே நின்று மேற்கே நோக்கினால் மலை ஒரு சுவர்போல் எழுவதைக் காணலாம். சுவரேறி மேலே சென்றால் கூர்மையான சிகரத்தைக் காணமாட்டோம். மேடும் பள்ளமுமான அகன்ற மேட்டுநிலம், அதில் வயல்கள், சிற்றூர்கள், ஓடைகள். மறுபக்கம் கருமந்துறையும், அங்குள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணையும். பின்பு தும்பல், ஆத்தூர்ச் சமவெளி. கோமுகியும் மணிமுத்தாறும் இம்மலையில் பிறந்து கிழக்கே செல்கின்றன. வசிட்ட நதி ஆத்தூர் வழியே செல்கிறது.

இளையோர் சிலர் கடிதத்தில் "கணவாய்களைக் கடக்க வேண்டும்" என்று எழுதுகிறார்கள். நல்ல ஆசைதான். கணவாய் என்பது மலைத்தொடர் தாழ்ந்து நமக்குத் திறந்துவிடும் வாசல். இப்பகுதியில் பேர்பெற்றவை செங்கம் கணவாயும், சேலத்திலிருந்து அரூர் செல்லும் வழியிலுள்ள மஞ்சவாடிக் கணவாயும். 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் செங்கத்தில்தான் மோதிக்கொண்டன. படைகள் மூச்சிரைக்கக் கடந்த அவ்வழிகளை இன்று நாம் பேருந்தில் உறங்கிக்கொண்டே கடந்துவிடுகிறோம்! கல்வராயனைக் கடப்பது அதைவிடக் கடினம். இங்கே வாசல் கிடையாது. சுவரேறி, மேட்டுநிலத்தை நடந்து முடித்து, மறுபக்கச் சுவரில் இறங்க வேண்டும். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவது முழங்காலை வாட்டும் என்பதை முதல் நாளே நினைவில் வைப்பது நல்லது.

எப்போது செல்வது? அக்டோபரும் நவம்பரும் வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம், பெரியார் என்னும் அருவிகள் அப்போது அழகாய் விழும். ஆனால் நாம் நிற்கும் இடத்தில் தூறலே இல்லாதபோதும், மேலே பெய்த மழை ஓடையில் திடீரெனப் பெருகி வந்துவிடும். மழை ஓய்ந்த டிசம்பர்க் கடைசியும் சனவரியுமே நடப்பதற்கு ஏற்ற காலம். நீர் இருக்கும், நிழலும் இருக்கும். பிப்ரவரி பிறந்தால் அடிவாரத்து முட்புதர்க் காடும் அதன் மேலுள்ள இலையுதிர் காடும் சருகாகின்றன. மர நிழலை நம்பிச் சென்றவனுக்கு மொட்டைக் கிளைகளே கிடைக்கும். அதனினும் பெரிய அபாயம் காட்டுத்தீ.

குரங்கணியை மறந்திருக்கமாட்டோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், நடைபயணம் சென்று திரும்பிக்கொண்டிருந்த இளைஞர்களையும் பெண்களையும் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். அலுவலகங்களில் பணிபுரிந்தவர்கள், விடுமுறையை மலையில் கழிக்க விரும்பியவர்கள். காய்ந்த புல்வெளியில் தீ காற்றோடு ஓடும். அதுவும் சரிவில் மேல்நோக்கி மிக விரைவாய் ஏறும். தீக்கு மேலே நிற்பவன் இன்னும் மேலே ஓடித் தப்ப முடியாது. இந்த ஒரு செய்தியை மலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் கல்வராயன் நடைபயணம் வேண்டாம் என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுவே.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் அரசு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளை வகுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் முன்பதிவு செய்து செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இதுவரை மலையேறியே அறியாத குழுவினர் அவற்றுள் எளிய பாதை ஒன்றில் ஒருநாள் நடந்து பழகிவிட்டு, அதன்பின் கல்வராயனை எண்ணுவது சாலச் சிறந்தது. கல்வராயனின் பெரும்பகுதி காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: மலையின் இப்பக்கம் கள்ளக்குறிச்சி வனக்கோட்டம், அப்பக்கம் ஆத்தூர் வனக்கோட்டம். ஏறி மறுபக்கம் இறங்க விரும்புவோர் இரண்டு அலுவலகங்களிலும் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு மாதம் முன்னதாகவே விண்ணப்பம் செல்லட்டும். அனுமதி கிடைக்கவில்லையென்றால்? வெள்ளிமலைக்குப் பேருந்தில் ஏறிச் சென்று, ஊர்களுக்கிடையேயுள்ள பொதுச்சாலைகளில் நடந்துவிட்டு வாருங்கள். அதுவும் நல்ல நடைதான். கள்ளத்தனமாய்க் காட்டுக்குள் நுழைந்துவிட்டு, அடிபட்டபின் உதவிக்குக் கூப்பிடவும் அஞ்சி நிற்கும் நிலை வேண்டாம்.

வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பதை வீண்செலவென்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்வோம். 1889 சூலையில் அக்கில்லே ராத்தி என்னும் இத்தாலிய இளங்குரு, ஆல்ப்சு மலைத்தொடரில் மோந்தே ரோசாவின் கிழக்கு முகத்தில் ஏறினார். ஓர் இரவை உச்சிக்கு அருகே பாறை விளிம்பொன்றில் உறக்கமின்றிக் கழித்து, மறுநாள் உச்சியைத் தொட்டு, 4,400 மீட்டருக்கும் உயரமான சும்ஸ்டைன் கணவாயைக் கடந்து மறுபக்கம் இறங்கினார். தேர்ந்த மலையேறியாகிய அவரே மலைவாழ் வழிகாட்டிகள் இருவரை உடன் அழைத்துச் சென்றார். அவர்தாம் 1922இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் ஆனார். மறுஆண்டே, ஆல்ப்சுக் கணவாயில் வழிப்போக்கர்க்குச் சத்திரம் அமைத்த மென்தோன் நகர்ப் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. திருத்தந்தையாக வரவிருந்தவருக்கு வழிகாட்டி தேவைப்பட்டார். நம் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வரைபடம் போதுமாம்! மலைமடிப்புகளில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடங்கள் நிறைய. ஆடுமாடுகள் போட்ட ஒற்றையடிப் பாதையும் ஊருக்குச் செல்லும் பாதையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு அந்த ஊராருக்குத்தான் தெரியும்.

இனி, நேரக்கணக்கு. பெரும்பாலான திட்டங்கள் பிழைபடுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாய்ப் பார்ப்போம். 1892இல் நேய்சுமித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைல் நடைக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு, ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். இன்றும் உலகெங்கும் இதையே முதற்கணக்காகக் கொள்கிறார்கள். முதல்நாள் நடை 14 கிலோமீட்டர், ஏற்றம் 2,000 அடி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி நடைக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு ஒரு மணி. ஆக 3 மணி 48 நிமிடம். இது குளிர்நாட்டில், சுமையின்றி, நில்லாமல் நடக்கும் திடமான மனிதனுக்கு. நம் வெயிலில், முதுகில் பையுடன், பழக்கமில்லாத பிள்ளைகளுக்குப் பாதியாவது கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்தே முக்கால் மணி ஆகிறது. சாப்பாடு, இளைப்பாறல், காலில் கொப்புளம் கண்டவருக்காகக் காத்திருத்தல் எல்லாம் சேர்ந்தால் ஏழு மணி நேரம்.

காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால் ஒன்றரை மணிக்குத் தங்குமிடம் சேரலாம். பேருந்து தாமதித்து, தேநீர் அருந்தி, குழுப்படம் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் புறப்பட்டாலோ மாலை ஐந்தாகிவிடும். டிசம்பர்க் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைகிறது. மலைமடிப்பில் அதற்கும் முன்னரே இருட்டும். இடையில் ஒரு மணி நேரம் வழி தவறினால் போதும், இருட்டில் காட்டில் நிற்பீர்கள். ஆகவே முந்திய இரவே அடிவாரத்து ஊரில் தங்கிவிடுங்கள். பகல் ஒரு மணிக்குள் பாதிவழியைத் தாண்டாவிட்டால் எவ்வித வாதமுமின்றித் திரும்பிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மலைமேல் நின்று அந்த முடிவை எடுக்க எந்த இளைஞனுக்கும் மனம் வராது. ஞாயிறு திருப்பலிக்கு வீடு சேர வேண்டுமென்றால் வெள்ளியும் சனியுமே ஏற்ற நாட்கள்.

மெதுவாய் நடப்பவரை முன்னே விடுங்கள். வேகமாய் நடப்பவர்கள் முன்னால் ஓடி, மர நிழலில் இளைப்பாறி, பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் உடனே எழுந்து நடப்பது வழக்கம். இளைப்பாறல் யாருக்குத் தேவையோ அவருக்கு அது கிடைப்பதேயில்லை! வழிகாட்டி முதலில், அடுத்து மெதுவாய் நடப்பவர், கடைசியில் திடமான ஒருவர் என்று செல்வதே முறை.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை லிட்டர் வீதம், ஒருவருக்கு மூன்றரை லிட்டர். லிட்டர் ஒரு கிலோ. மூன்றரைக் கிலோ முதுகில் ஏறிவிட்டது. பையின் மொத்த எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. ஐம்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பத்துக் கிலோ. தண்ணீர் போக ஆறரைக் கிலோவில் போர்வை, மாற்றுடை, உணவு எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே எடுத்துச் செல்வதைவிட எதை விட்டுச் செல்வது என்பதே கேள்வி. பாட்டுப் பெட்டியை விட்டுவிடுங்கள், கம்பளியை விடவேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். மார்கழி இரவில் மேட்டுநிலத்தில் அடிக்கும் குளிர்காற்றைச் சமவெளியில் இருந்துகொண்டு கற்பனை செய்ய முடியாது.

ஓடைநீர் தெளிவாய் இருந்தாலும் கொதிக்க வைத்தே பருக வேண்டும். மேலே மாடுகள் நீரருந்தும் ஓடை அது. அதிகம் வியர்த்துத் தலைசுற்றினால் வெறுந்தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து சிறிது சிறிதாய்க் கொடுக்கலாம். உணவைப் பற்றி நம் தாய்மார்களுக்கு நாம் சொல்ல என்ன இருக்கிறது? முதல்நாளுக்குப் புளிச்சோறு, பிறகு அவல், பொரிகடலை, வெல்லம், கடலைமிட்டாய். நெகிழித் தாள் ஒன்றுகூட மலையில் தங்கக்கூடாது.

இரவில் வெறுந்தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் உறங்குவோரையே பெரும்பாலும் தீண்டுகிறது. கடிபட்டவருக்கு வலியே தெரியாமலும் போகலாம். அடிப்பாகம் தைத்து மூடிய கூடாரமோ, அனுமதி பெற்ற கட்டடத்தில் ஓர் அறையோ வேண்டும். கைவிளக்கின்றி இரவில் வெளியே கால்வைக்கக் கூடாது. பாம்பு தீண்டினால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனையில் சேர்ப்பதே வழி. 108 வண்டி சாலை வரைதான் வரும். சாலையிலிருந்து நீங்கள் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை எழுதும்போது 2023 மே மாதத்து நிகழ்ச்சி ஒன்று நம் மனத்தில் எழுகிறது. வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. சரியான சாலையில்லாத ஊர். மருத்துவமனை சேருமுன் குழந்தை இறந்தது. ஊர்வரை வண்டி செல்ல வழியில்லாததால், அந்தத் தாய் தன் குழந்தையின் உடலைக் கையிலேந்தி மலைப்பாதையில் நடந்தாள். நமக்கு இரண்டு நாள் இன்பமாகத் தோன்றும் ஒற்றையடிப் பாதைதான் மலைமக்களுக்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லும் வழி. கல்வராயனிலும் இந்நிலை புதிதன்று.

அம்மக்களைப் பற்றி அறியாமல் அவர்கள் ஊர்வழியே நடப்பது அழகன்று. 'மலையாளி' என்ற பெயரைக் கேட்டுக் கேரளத்தவரோ என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாய்ச் சொல்லிவரும் கதை. சாமை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிடுகிறார்கள். கடுக்காயும் புளியும் தேனும் சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். கிருஷ்ணதேவராயர் அளித்ததாகச் சொல்லப்படும் மூன்று ஜாகீர்களின்கீழ் இம்மலை பன்னெடுங்காலம் கிடந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆனபின், 1976இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை எங்கே, மருத்துவம் எங்கே, பள்ளி எங்கே என்று அரசைக் கேட்கும்படி ஆயிற்று.

அவ்வழக்குக்கு முந்திய நிகழ்ச்சியை நாடறியும். 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கல்வராயன் என்றதுமே சிலர் சாராயத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த உயிர்களைக் கொண்டது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் நஞ்சு. மலைவீட்டு வாசலில் நின்று அந்தக் கேலியைப் பேசாத நாகரிகமாவது நம் பிள்ளைகளிடம் இருக்கட்டும். கேளாமல் படம் எடுக்க வேண்டாம். பெரியவர்களை ஐயா, அம்மா என்றே அழையுங்கள். அறிமுகமற்ற மலைவாசியை ஒருமையில் அழைக்கும் கெட்ட பழக்கம் சமவெளியாரிடம் நெடுநாளாய் உண்டு. அவர்கள் வீட்டில் உணவருந்தினால் விலை கொடுங்கள். விலையை அவர்களே சொல்லட்டும். கொடுத்தனுப்ப ஏதேனும் இருந்தால், மிட்டாயை வழியில் இறைப்பதைவிட அங்குள்ள பள்ளி ஆசிரியரைக் கேட்டு எழுதுபொருள் வாங்கித் தருவது மேல்.

பெற்றோர்க்குச் சில சொற்கள். புறப்படுமுன் பிள்ளைகளிடம் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: செல்வோர் பெயர், வழிகாட்டியின் பெயரும் தொலைபேசி எண்ணும், எந்த வழி, எங்கே தங்கல், எந்த மணிக்குள் கருமந்துறை சேர்ந்து தகவல் சொல்வார்கள், சொல்லாவிட்டால் நீங்கள் எந்த வனத்துறை அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும். அத்தாள் வீட்டில் இருக்கட்டும்.

பிள்ளைகள் திரும்பியதும் குளிக்கச் செய்து, உடைகளை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். தமிழ்நாட்டின் புதர்க்காடுகளில் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் மிகச்சிறு பூச்சிகளால் பரவும் உண்ணிக் காய்ச்சல் என்றொரு நோய் உண்டு. கடித்தது தெரியாது, ஒரு வாரம் முதல் மூன்று வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் காணும், அக்குளிலோ இடுப்பிலோ வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்று தென்படலாம். தொடக்கத்திலேயே அறிந்தால் எளிய மருந்தில் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே உலை வைக்கும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பிள்ளை மலைக்குச் சென்று வந்ததையும், சென்ற தேதியையும் மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். அத்தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.